நாகல்கேணி நொதி

திரிபுரசுந்தரி தன் முகத்தை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. அதுவரை அவள் பார்த்ததெல்லாம் கனமான மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் சுருங்கிப்போன இரண்டு கண்களைத்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம் என்றால், நிலைக்கண்ணாடியில் மூக்கு முட்டும் தூரத்துக்குப் போனாலும் ஏதோ ஒரு கலங்கல்தான் தெரியும். தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்த தேவானந்தம், சாஃப்ட் லென்ஸ் என்று எண்பதுகளில் புதிதாக வந்ததை அவள் கண்ணில் பொருத்திவிட்டுக் கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பிடிச்சிருக்கா மேடம்?" என்றார் தேவானந்தம்.

"இடது புருவம் கொஞ்சம் ஏறி இருக்கு. இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது."

வீட்டுக்குப் போனதும் அம்மா சாவித்ரிதான் சங்கடப்பட்டாள். சேலையூரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் கண்ணில் விரலை விட்டு எதையோ எடுப்பதும் வைப்பதும் அவளுக்குப் பார்க்கவே கூசியது. ஆனால் மழையில் வெளியே போய்விட்டு வந்த சுந்தரி, துடைக்கக் கண்ணாடியே இல்லாமல் நேராகத் தன்னைப் பார்த்துச் சிரித்ததைக் கண்ட பிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது.

அந்தச் சந்தோஷம் ஒரு வருஷத்துக்குள் மங்க ஆரம்பித்தது. நிஜமாகவே மங்கல்தான். விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தது; மத்தியானம் ஆனால் கண் உறுத்தியது; சாயங்காலம் ரயிலில் ஸ்டேஷன் பெயர்ப் பலகை பனிக்குள் இருப்பதுபோல் தெரிந்தது. தேவானந்தத்திடம் போனாள். அவர் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தினமும் சூடு பண்ற டப்பாவுல வைக்கிறீங்கல்ல? கிருமி செத்துடும், சரி. ஆனா கண்ணீர்ல புரோட்டீன் இருக்கு. முட்டை வெந்தா எப்படி வெள்ளையாகுது, அந்த மாதிரி அதுவும் வெந்து லென்ஸ் மேலே ஒட்டிக்குது. தேய்ச்சாலும் போகாது."

"இதுக்கு வழியே இல்லையா?"

"வெளிநாட்டுல மாத்திரை விக்கிறான். தண்ணியில கரைச்சு லென்ஸைப் போட்டா படலத்தைத் தின்னுடும். இங்கே கிடைக்கிறதில்லை. என் கஸ்டமர்ல பாதிப் பேர் லென்ஸைக் கழற்றி பீரோவுல வச்சுட்டாங்க."

புரோட்டீனைத் தின்னும் மாத்திரை. கடையை விட்டு இறங்கி நடக்கும்போதுதான் அவளுக்குச் சட்டென்று உறைத்தது, தான் நாள் முழுக்கச் செய்கிற வேலையே அதுதான் என்று.

சுந்தரி நுண்ணுயிரியல் படித்தவள். குரோம்பேட்டையைத் தாண்டி நாகல்கேணியில், தோல் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தாள். முதலாளி லக்ஷ்மிநாராயணன் முன்னாளில் தோல் பதனிடும் இடத்தில் கெமிஸ்டாக இருந்தவர். பச்சைத் தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சல்ஃபைடும் போட்டு ஊறவைப்பதைப் பார்த்துப் பார்த்து, அதற்குப் பதிலாக நொதி என்கிற என்சைமைப் பயன்படுத்தலாம் என்று தனியே வந்தவர். சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்து மண்ணிலிருந்து சுந்தரி எடுத்து வளர்த்த ஒரு பாக்டீரியா, அந்த நொதியைக் கொடுத்தது. காரத்தன்மை உள்ள தண்ணீரில் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். மயிர்க்கால்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரோட்டீனைக் கரைத்துவிடும். பழுப்பு நிறத்தில், நாற்றத்தோடு, கேன்களில் ஊற்றித் தோல்காரர்களுக்கு அனுப்புவார்கள்.

தேவானந்தத்திடமிருந்து பாழாய்ப்போன பழைய லென்ஸ்களை ஒரு மிட்டாய் டப்பாவில் வாங்கி வந்தாள். மைக்ராஸ்கோப்பில் அவை சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தன. நொதியை நன்றாக நீர்க்கச் செய்து அதில் லென்ஸை ஊறப் போட்டாள். மறுநாள் காலையில் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த பேபிதான் முதலில் பார்த்தாள். பேபி பீர்க்கன்கரணைப் பெண். பிளஸ் டூ முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தவள், செய்கிற வேலையில் கை சுத்தம்.

"மேடம், லென்ஸைக் காணோம்," என்றாள்.

சுந்தரி ஓடிவந்து பார்த்தாள். லென்ஸ் அங்கேயேதான் இருந்தது. அழுக்கு போனதில் அது தண்ணீரோடு தண்ணீராகத் தெரிந்தது.

லக்ஷ்மிநாராயணனுக்கு முதலில் பிடிக்கவில்லை. "தோல் ஊறுற குழியில இருந்த கிருமியைக் கண்ணுல போடுறதா சுந்தரி?"

"கிருமியைப் போடலை சார். அது வெளியே விடுற நொதி மட்டும்தான். அதுவும் கண்ணுல இல்லை, லென்ஸ் மேலே. பிறகு அலசிடணும்."

"கேக்கிறவனுக்கு இந்த விளக்கமெல்லாம் காதுல ஏறுமா?"

"லென்ஸ் போட்டுக் கண்ணு உறுத்துறவனுக்கு ஏறும் சார்."

அவர் சிரித்துவிட்டார். செய் என்றார்.

பழுப்பு நீரை வெள்ளைப் பொடியாக்குவதற்குள் ஒரு மழைக்காலமும் ஒரு கோடைகாலமும் போய்விட்டன. நாற்றம் போக வேண்டும், நிறம் போக வேண்டும், கூட வரும் வேறு நொதிகள் போக வேண்டும், ஒரு கிருமிகூட மிஞ்சக் கூடாது. அப்படி வந்த பொடியில் கொஞ்சத்தை உப்பு நீரில் கரைத்துத் தன் வலது கண் லென்ஸை ஊறவைத்து, அலசி, சூடுபண்ணி, போட்டுக்கொண்டாள். முதலாளிக்குத் தெரிந்ததும் கோபம் வந்தது.

"கண்ணுன்னா விளையாட்டா?"

"ஒரு கண்ணுதானே சார். இன்னொண்ணை ஒப்பிட்டுப் பார்க்க வச்சிருக்கேன்."

அன்று சாயங்காலம் ரயிலில் அவள் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டு மொட்டைமாடியில் காயும் சேலைகளின் கரை வரைக்கும் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி, இவளுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

கண் டாக்டர்களிடம் காட்டி, அனுமதிக்கு விண்ணப்பித்து, பம்பாய் வியாபாரி ஒருவரைப் பிடித்து, மாத்திரையாக அடிக்கலாம் என்று முடிவானது. அதற்குப் பொடியை உலர்த்தி, இடித்து, மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டும். பின்பக்கத்தில் ஒரு சின்ன அறையை அதற்கு ஒதுக்கினார்கள். பம்மலிலிருந்து வரும் எல்லம்மா சலிப்பாள். பதம் சரியாக இருக்கிறதா என்று சுந்தரி பக்கத்திலேயே நிற்பாள். முகப்பவுடர் போல அத்தனை மென்மை. சல்லடையைத் தட்டும்போது புகைபோல எழும்பி மெதுவாக இறங்கும்.

முதலில் தும்மல்தான் வந்தது. பிறகு மூக்கில் நீர். நாகல்கேணியில் காற்றே ஒரு தினுசான காற்று என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. அப்புறம் சாயங்காலங்களில் நெஞ்சு இறுகத் தொடங்கியது. மாடிப்படி ஏறினால் விசில் மாதிரி ஒரு சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

"என்னடி இது, பூனைக்குட்டியை முழுங்கின மாதிரி?" என்றாள் அம்மா.

"தூசிம்மா."

"லீவு போட்டு டாக்டரைப் பாரு."

"மாத்திரை வேலை முடியட்டும்."

வைகாசியில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போனாள். சமையல் புகை, ஹோமப் புகை, மண்டபத்துத் தூசி எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தும் மூச்சு ஒரு தடவைகூட இறுகவில்லை. பாட்டுக்கூடப் பாடினாள். திரும்பி வந்து வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம், குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கூட வந்த பேபிதான் பயந்துபோய் ஆட்டோ பிடித்துப் பல்லாவரத்தில் டாக்டர் தபீதாளிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

தபீதாள் நெஞ்சு நோய் பார்ப்பவர், அதிகம் பேசாதவர். ஊசி போட்டு மூச்சு சீரான பிறகு கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கு?"

"பரவாயில்லை."

"திங்கக்கிழமை?"

வேலைக்குப் போகிற நாளில்தான் மூச்சு இறுகுகிறது. அவளுக்கே விடை தெரிந்துவிட்டது. மறுநாள் அந்தப் பொடியில் துளியூண்டைக் கரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். டாக்டர் அதை அவள் முன்கையில் ஒரு சொட்டு வைத்து, ஊசி முனையால் லேசாகக் கீறினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் கொசுக்கடி போல எழும்பி, ஐந்து பைசா அளவுக்கு வீங்கியது.

"உங்க உடம்பு இதை எதிரின்னு முடிவு பண்ணிடுச்சும்மா. இனிமே மறக்காது. ஒரு தூள் போனாலும் சண்டைக்கு வரும்."

"லென்ஸ்? அதை இந்த நொதியிலதான் கழுவுறேன்."

டாக்டர் அவள் இமையைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே சிவந்து, மணல் தூவினாற்போல் இருந்தது. "எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் தங்கும். மத்தவங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது. உங்களுக்குப் பண்ணும். இந்தக் கண்ணு ஆறணும், லென்ஸே வேண்டாம். பழைய கண்ணாடி வச்சிருக்கீங்கல்ல?"

வைத்திருந்தாள். டிரங்குப் பெட்டியில் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். அழவில்லை. தான் வளர்த்தது, தன் கையால் மண்ணிலிருந்து பிரித்து எடுத்தது, உலகத்தில் எல்லோர் கண்ணுக்கும் ஆகும், தன் கண்ணுக்கு மட்டும் ஆகாது. இதை யாரிடம் போய் முறையிடுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் எல்லம்மா ஞாபகம் வந்தது. அவளும் இருமுகிறாளே.

பின்பக்க அறைக்குப் போகாமல் வாசலிலேயே நின்று அவளை வெளியே கூப்பிட்டாள்.

"எல்லம்மா, எத்தனை நாளா இருமுற?"

"நாகல்கேணில இருமாதவன் யாரு மேடம் கீறான்? தோல் நாத்தத்துல எல்லாருந்தான் இருமிகினு கீறாங்க."

"வீட்டுல இருக்கும்போது?"

எல்லம்மா யோசித்தாள். "மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு வாரம் வரலையே, அப்போ நல்லாத்தான் இருந்திச்சு. இன்னா, எனக்கும் அதே பேஜாரா?"

அவளுக்கும் அதே. டாக்டர் தபீதாள் கீறிய இடம் எல்லம்மா கையிலும் எழும்பியது. பேபிக்கும் மற்றவர்களுக்கும் எழும்பவில்லை.

லக்ஷ்மிநாராயணன் முன்னால் சுந்தரி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னபோது அவர் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே கேட்டார். பம்பாய்க்காரர் தீபாவளிக்குள் மாத்திரை வேண்டும் என்று இரண்டு முறை போன் பண்ணிவிட்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் அலர்ஜி உடம்பு. வேற இடத்துக்கு மாத்திடறேன். எல்லம்மாவுக்கு வேலை போகாது, அது என் பொறுப்பு. ஆனா மத்தவங்களுக்கு ஒண்ணும் வரலையே சுந்தரி."

"இன்னும் வரலை சார்."

"மாஸ்க் வாங்கித் தர்றேன்."

"அந்தப் பொடி மாஸ்க்குக்குள்ளேயும் போகும். எல்லம்மா இடத்துல இன்னொருத்தியை நிறுத்துவோம். ஆறு மாசத்துல அவளும் இருமுவா. அவளையும் மாத்துவோமா?"

"இது உன் பொருள்மா. மூணு வருஷமா நீ உருவாக்கினது. நீயே நிறுத்தச் சொல்றியா?"

"பொருளை நிறுத்தச் சொல்லலை சார். பொடியை நிறுத்தச் சொல்றேன்."

அவர் சட்டென்று எழுந்து போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் அவள் நினைத்தாள். பேபிதான் பிறகு நடந்ததைச் சொன்னாள். அவர் நேராகப் பின்பக்க அறைக்குப் போயிருக்கிறார். அன்றைக்கு எல்லம்மாவுக்குப் பதிலாக வேறொரு பெண் சலித்துக்கொண்டிருந்தாள். மேற்கு ஜன்னல் வழியாக மத்தியான வெயில் பட்டையாக உள்ளே விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் அறை முழுக்கப் பொடி மிதந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாராம். கையை நீட்டி வெயிலில் வைத்துப் பார்த்தாராம். பிறகு அந்தப் பெண்ணை வெளியே வரச் சொல்லிவிட்டு, தானே கதவைச் சாத்தியிருக்கிறார்.

சாயங்காலம் சுந்தரியைக் கூப்பிட்டார். "ஈரமாவே வச்சு, தண்ணி மருந்தா கொடுக்க முடியுமா?"

"கொடுக்கலாம். ஒரு சிக்கல் இருக்கு சார். நொதியும் ஒரு புரோட்டீன்தான். தண்ணியில வச்சா, தின்ன வேற எதுவும் இல்லாம, அது தன்னையே தின்னுடும். ஒரு மாசத்துல பாட்டில்ல வெறும் தண்ணிதான் இருக்கும்."

"அதைத் தின்னாம இருக்கச் சொல்லு."

அவர் இதைச் சொன்னதும் இரண்டு பேருமே சிரித்தார்கள். அப்படித்தான் அந்த வேலை ஆரம்பித்தது.

ஆனால் சுந்தரியால் ஆய்வகத்துக்குள் நுழைய முடியாது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாழ்வாரத்துக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே சுவரில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தது. அதன் பக்கத்தில் தாழ்வாரத்தில் அவளுக்கு மேஜை போட்டார்கள். உள்ளே பேபி, வெளியே சுந்தரி. சத்தம் போட்டால் கேட்கும். கேட்காவிட்டால் பேபி சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். இத்தனை நாள் தன் விரல்கள் தானாகச் செய்ததை வார்த்தையாக்கிச் சொல்வது அத்தனை சுலபமாக இல்லை. "கொஞ்சம்" என்று சொன்னால் பேபி, "எவ்ளோ கொஞ்சம் மேடம்?" என்பாள். சுந்தரிக்கு எரிச்சல் வரும். எழுந்து உள்ளே போய்விடலாம் என்று தோன்றும். ஒருமுறை கதவுப் பிடியில் கையே வைத்துவிட்டாள். பேபி உள்ளேயிருந்து தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"எனக்குக் கத்துக்க நேரம் ஆவும் மேடம்," என்றாள் பிறகு. "ஆனா கத்துக்குவேன். நீங்க மூச்சு முட்டி விழுந்தா எனக்கு யாரு சொல்லித் தருவா?"

நாள்பட்டால் வீரியம் எவ்வளவு குறைகிறது என்று ஒவ்வொரு கலவையாகப் பார்த்தார்கள். உப்பைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். கால்சியம் சேர்த்ததில் கொஞ்சம் தாங்கியது. கடைசியில் கிளிசரினைத் தாராளமாகச் சேர்த்தபோது, கொழகொழவென்ற அந்தத் திரவத்துக்குள் நொதி தூங்கிப்போனது போல் அடங்கிக் கிடந்தது. லென்ஸ் ஊறும் உப்பு நீரில் இரண்டு சொட்டு விட்டால் எழுந்து வேலை செய்தது. சொட்டு மருந்து பாட்டிலில் அடைத்து, கோடைகாலம் முழுவதும் அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்துப் பார்த்தார்கள். வீரியம் குறையவில்லை. பேபி ஜன்னலில் சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள். அதில் எண் எதுவும் இல்லை. "தின்னல" என்று மட்டும் எழுதியிருந்தது.

அனுமதி கிடைத்து அது கடைக்கு வந்தபோது தொண்ணூற்றிரண்டு ஆகிவிட்டது. பம்பாய்க்காரர் வேறு ஆளைப் பார்த்துப் போயிருந்தார். பெரிய வியாபாரம் என்று சொல்ல முடியாது. தாம்பரம் வழியே போகும் ஜி.எஸ்.டி. ரோடு கண்ணாடிக் கடைகளிலும், நகரத்தில் சில கண் ஆஸ்பத்திரிகளிலும் போயிற்று. கடைகடையாக ஏறி விளக்கம் சொல்லும் வேலையைச் சுந்தரி எடுத்துக்கொண்டாள். பாட்டிலோடு போகும் துண்டுத்தாளைத் தமிழில் அவளே எழுதினாள். ஊறவைத்த லென்ஸை எப்படி அலச வேண்டும், எதற்காக அலச வேண்டும் என்பதே அதில் பாதிக்கு மேல் இருந்தது. இது ரொம்ப நீளம் என்றார்கள். அவள் ஒரு வரியையும் குறைக்கவில்லை. அந்தக் கனத்த கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சில கடைக்காரர்கள், "நீங்க லென்ஸ் போடுறதில்லையா மேடம்?" என்று கேட்பார்கள். "எனக்கு ஒத்துக்கலை" என்பாள். யாருக்கு ஒத்துக்கொள்ளாதோ அவர்களுக்கு என்னென்ன வரும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவாள்.

எல்லம்மா முன்வாசலில் பாட்டில் கழுவும் பக்கத்துக்கு மாறினாள். இருமல் போக ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. முழுக்கப் போகவும் இல்லை. மார்கழிப் பனியில் தலைகாட்டும்.

தொண்ணூற்றேழில் ஒரு நாள் தேவானந்தம் கடைக்குச் சுந்தரி போயிருந்தபோது, அவர் ஷெல்ஃபில் தங்கள் கம்பெனிப் பாட்டில் பின்வரிசைக்குப் போயிருந்ததைப் பார்த்தாள். அவர் சங்கடத்தோடு ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துக் காட்டினார்.

"இப்ப இதுதான் மேடம் ஓடுது. ஒரு மாசம் போட்டுட்டுத் தூக்கிப் போட்டுடறது. படலம் கட்டுறதுக்குள்ள லென்ஸே குப்பைக்குப் போயிடும். நொதியெல்லாம் யாரும் கேக்கிறதில்லை."

"அப்போ இந்தப் பாட்டில்?"

"பழைய கஸ்டமர் நாலு பேர் வாங்குறாங்க. அவங்களும் எத்தனை நாளைக்கு வாங்குவாங்க?"

அவளுக்கு வருத்தமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். "உங்களுக்குக்கூட இது ஆகும் மேடம். புதுசா போட்டுப் புதுசா எறியறது, கழுவுற நொதியே கிடையாது. டாக்டரைக் கேட்டுட்டு வாங்க, ஒரு ஜோடி தர்றேன்."

"கேட்டுப் பாக்கறேன்," என்றாள்.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு வருத்தம் வந்ததா என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. இத்தனை வருஷத்து மூச்சை வாங்கிக்கொண்ட ஒரு பொருள், ஐந்து வருஷம் கடையில் நின்றுவிட்டுப் போகிறது. தப்பாக ஒன்றும் நடக்கவில்லை. வேறொருவன் வேறொரு வழியைக் கண்டுபிடித்துவிட்டான், அவ்வளவுதான்.

கம்பெனியில் இப்போது உற்பத்தி முழுக்கப் பேபி பொறுப்பு. தபாலில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டிருந்தாள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் அவளைத்தான் மேடம் என்றார்கள். தேவானந்தம் சொன்னதைச் சுந்தரி அவளிடம் சொன்னாள்.

"தெரியும் மேடம். போன மாசமே கணக்குல தெரிஞ்சுது. நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லலை," என்றாள் பேபி. "அத்த விடுங்க. சோப்புத்தூள் கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்திருந்தான். நம்ம நொதி வேணுமாம், டன் கணக்குல. பொடியா வேணும்னான்."

சுந்தரி நிமிர்ந்து பார்த்தாள். "நீ என்ன சொன்ன?"

"தண்ணியா தர்றோம், வேணும்னா எடுத்துக்கோன்னேன். முடியாதுன்னுட்டான். நானும் முடியாதுன்னுட்டேன்."

"சார் என்ன சொன்னார்?"

"சார்கிட்ட அப்புறமாத்தான் சொன்னேன். திட்டலை மேடம். டீ குடிச்சியான்னு கேட்டார்."

வேலை முடியும் சங்கு ஊதியது. எல்லம்மாவும் மற்றப் பெண்களும் ஏப்ரனைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, சத்தமாகப் பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். பேபி கடைசியாக வந்து ஆய்வகத்தைப் பூட்டினாள். இரண்டு பேரும் தோல் லாரிகளுக்கு வழிவிட்டு ஓரமாக நடந்து, குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் போனார்கள்.